பச்சை விளக்கின் கீழே பூசை

என் முட்டாள்தனத்திலிருந்தே தொடங்குகிறேன். அதில்தான் எனக்கு சர்வீஸ் அதிகம். மெஷின்களுக்குக் கண் பொருத்துவது என் பிழைப்பு. ஏணி ஏறி ஏறி முட்டி தேய்ந்தது, சொந்தக் கண்ணும் மங்கியது. கடைசியில் போர்ட் கிள்ளான் துறைமுகத்து வேர்ஹவுஸ் ஒன்றில் நான் மாட்டிய கண்ணுக்கு நானே தெரியவில்லை. தப்பு அதன்மேல் இல்லை.

அங்கே இரண்டு ரேக் வரிசைகள் சந்திக்கும் இடத்தில் ஒரு குருட்டு மூலை. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் அங்கே நின்று, ஹார்ன் அடித்து, எட்டிப் பார்த்துத்தான் திரும்புவார்கள். வேலை தாமதமாகிறதென்று மேனேஜருக்கு எரிச்சல். அதனால் மூலைக்கு மேலே புது சென்சார். மனிதக் கண்ணைப் பார்த்துச் செய்த சிப் அது. கேமராபோல எல்லாவற்றையும் படம் பிடிக்காது. வெளிச்சம் எங்கே மாறுகிறதோ அதை மட்டும் கவனித்து, அசைவது ஆளா பெட்டியா என்று கண்டுபிடிக்கும். ஆள் என்றால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. அசையாததை, நாம் நம் மூக்கை மறந்திருப்பதுபோல, மறந்துவிடும்.

“ஆளு சும்மா நின்னா?” என்று கேட்டாள் லெட்சுமி. பந்திங் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

“இந்த வேர்ஹவுஸ்ல யாரும்மா சும்மா நின்னிருக்கா?” என்றேன்.

மேனேஜர் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே ஹார்னுக்குத் தடை. விளக்கைப் பார்த்துப் போனால் போதும் என்று உத்தரவு. லெட்சுமி சிரிக்கவில்லை.

பிறகு ஆயுத பூசை வந்தது. எனக்கும் அழைப்பு. வாசலில் நடக்க வேண்டிய பூசையை மழைக்காக அந்த மூலைக்கு மாற்றினோம். பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்றுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லெட்சுமி மட்டும் அடுத்த வரிசையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். இடம் மாறியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் கற்பூரத் தட்டைச் சுற்றும்வரை விளக்கு சிவப்பு. பிறகு எல்லோரும் கைகூப்பி, கண்ணை மூடி, அசையாமல் நின்றோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன், முட்டிக்காக ஒரு வேண்டுதல். எங்கள் தலைக்கு மேலே விளக்கு பச்சையானது.

கண்ணைத் திறந்தால், லெட்சுமியின் ஃபோர்க்லிஃப்டின் இரண்டு இரும்புக் கரங்களும் என் வயிற்றுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தன. அதற்குப் பின்னால் அவள் வெளிறிய முகம்.

ஹார்னைத் திருப்பிக் கொடுங்கள் என்று நானே மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அன்றே கொடுத்தார். அந்தக் கண்ணைத் திருத்த நான் மறுபடியும் ஏணி ஏறினேன். இனிமேல் கண் செய்ய வருகிறவர்களே, மனிதன் எப்போது அசையாமல் நிற்பான் என்பதை முதலில் விசாரியுங்கள். கும்பிடும்போது நிற்பான். மயங்கி விழுந்தால் கிடப்பான்.

சாயங்காலம் லெட்சுமியிடம் கேட்டேன். “பச்சைதானேம்மா எரிஞ்சிச்சு, ஏன் நிறுத்துன?”

“கற்பூர வாசனை, அங்கிள்.”