இடது கால் மறக்கவில்லை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ‘எக்ஸ்ரே அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களைப் படுக்கவைத்து, “மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவது அவள் வேலை. ஊரையே அசையாமல் இருக்கச் சொல்கிறவளுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. மகள் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் நாற்காலியை இங்கிருந்து அங்கே இழுப்பாள், அங்கிருந்து இங்கே தள்ளுவாள். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள்.

“எறும்புப் புத்துல உக்காந்த மாதிரியே இருக்கியே, என்னாச்சு?” என்று கேட்பார் கணவர். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க சீட்டில் உட்கார்ந்தே இருப்பவருக்கு மாலையில் சோபாவில் சாய்ந்தால் அசையத் தோன்றாது.

“ஒண்ணுமில்லீங்க” என்பாள். நிஜமாகவே என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினான். போகும்போது தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து அவள் வீட்டு முன்பக்கம் நிறுத்தினான். “விக்கிற வரைக்கும் இங்கயே கிடக்கட்டும்க்கா. வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் மட்டும் பண்ணி விடு.”

வாரம் ஒரு தடவை என்றது தினம் ஒரு தடவை ஆயிற்று. என்ஜின் சத்தம் கேட்டதும் அவளுடைய உள்ளங்கை குறுகுறுக்கும்.

அவளுக்கு வண்டி புதிதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, மழை வெயில் பாராமல் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். மகள் வயிற்றில் இருந்தபோது நிறுத்தினாள். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், வண்டியிலிருந்து விழுந்தவர்களின் தோள்பட்டையும் முழங்காலும் திரையில் வரவர, இந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு இனி எதற்கு என்று விற்றுவிட்டாள். அதோடு இருபது வருஷம் ஓடிப்போனது.

மொத்த விற்பனைச் சந்தைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் மைதானம், ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும். அங்கே, வண்டியை விட்டு ரொம்ப நாளான ஆட்களுக்குத் தங்கள் வண்டியிலேயே திரும்பப் பழக்கித்தருகிறார்கள் என்று வார்டு நர்ஸ் ஒருத்தி சொன்னாள். எக்ஸ்ரே அக்கா அன்றைக்கே போனில் பேசிப் பெயர் கொடுத்துவிட்டாள்.

கணவர் காதில் விழுந்ததும் சோபாவிலிருந்து நிமிர்ந்தார். “உடைஞ்ச எலும்பு தினமும் பாக்குறியே, அது போதாதா உனக்கு?”

“ஒழுங்கா கத்துக்கிட்டா எதுக்குங்க உடையப்போகுது?”

“நான் ஒண்ணும் சொல்லல. என்னைப் பின்னால உக்காரச் சொல்லிடாத, அவ்வளவுதான்.”

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு வண்டியில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவள். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே நெளிந்து போகச் சொன்னாள். எக்ஸ்ரே அக்காவோடு கேக் கடைக்காரர் ஒருவரும் சேர்ந்திருந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். “நமக்கெல்லாம் இது தண்ணி பட்ட பாடு” என்று கிளம்பியவர் இரண்டாவது கூம்பை நசுக்கிவிட்டு மூன்றாவதன் மேலேயே நின்றார்.

அவளுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. திரும்பும்போதெல்லாம் முன்சக்கரத்தையே பார்த்தாள், வண்டியும் கூம்பை நோக்கியே போனது.

“அக்கா, கீழ பாக்காதீங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க. கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டி போகும்.”

மதியத்துக்குள் அது பிடிபட்டுவிட்டது. பிரேக் பயிற்சியும் நன்றாகவே வந்தது. கோட்டைப் பார்த்துக்கொண்டே வந்து, கையையும் வலது காலையும் மெல்ல அழுத்தி, கோட்டிலேயே நிறுத்தினாள். கிளம்பும்போது பயிற்சிக்காரி எச்சரித்தாள்: “எல்லாக் கிளாசும் முடியற வரைக்கும் யாரும் ரோட்டுக்குப் போகக்கூடாது. முக்கியமா நீங்க, அக்கா.”

“நான் என்ன பண்ணேன்?”

“நிக்கும்போதுகூட கால் ஆடிக்கிட்டே இருக்கே, அதான் சொல்றேன்.”

அடுத்த ஞாயிறுவரை பொறுக்க வேண்டும். திங்கள் எப்படியோ போனது. செவ்வாயன்று ஆஸ்பத்திரியில் கூட்டம், அதுவும் போனது. புதன்கிழமை மதியத்துக்கு மேல்தான் அவளுக்கு வேலை. கணவர் விடிந்ததுமே பஸ்ஸை எடுக்கப் போய்விட்டார். வீட்டுக்குள் மூன்று முறை நடந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று ஹெல்மெட்டை மாட்டினாள்.

தெருமுனையில் திரும்பத் தோன்றவில்லை. காற்று முகத்தில் அடித்தது. பல மாதமாக நெஞ்சுக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று வண்டியின் வேகத்துக்கு ஈடாக ஓடியது. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று போய்க்கொண்டே இருந்தாள்.

ஒரு கேட்டிலிருந்து ரொட்டி வேன் பின்பக்கமாகச் சடாரென்று வெளியே வந்தது.

அவள் ஓங்கி மிதித்தாள். மிதித்தது இடது கால். அவளுடைய பழைய வண்டியில் இடது காலில் பிரேக், வலது காலில் கியர். இந்த வண்டியில் அப்படியே தலைகீழ். நிதானமாக யோசித்துச் செய்தபோது சரியாக வந்த கால், பயம் வந்ததும் இருபது வருஷத்துக்கு முந்தைய இடத்துக்கே போய்விட்டது. பிரேக்குக்குப் பதில் கியர் குறைந்து, என்ஜின் அலறி, வண்டி குதிரை மாதிரி உதறியது. கை தானாக முன்பிரேக்கைக் கசக்கிப் பிடிக்க, வண்டி அவளோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தது. வேனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழ இடம் இருந்தது. அவள் கணுக்கால் வண்டிக்கு அடியில் இருந்தது.

வேன்காரரே தூக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தார். அவள் தினமும் அடுத்தவர்களைப் படுக்கவைக்கும் பலகையில் அவளே படுத்தாள். அவளிடம் வேலை கற்ற பெண் தடுப்புக்குப் பின்னாலிருந்து, “அக்கா, அசையாதீங்க! நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?” என்று கத்தினாள். படம் இரண்டாவது முறைதான் சரியாக வந்தது. எலும்பில் ஒன்றுமில்லை. வெறும் சுளுக்கு.

கணவர் பஸ் யூனிபார்மோடு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. “எத்தனை பேரு எலும்பப் பாத்திருப்ப? அதுல ஒண்ணுகூடவா உனக்குப் புத்தி சொல்லல?”

“சொல்லிச்சுங்க. அதனாலதான இருபது வருஷம் தொடாம இருந்தேன்.”

அவள் மெதுவாக, கால் செய்த வேலையைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. கோபம் போய், தொழில்காரனின் யோசனை வந்து உட்கார்ந்தது.

“எனக்கும் ஆச்சு. பழைய பஸ்ல ஹேண்ட்பிரேக் வலது பக்கம். புது பஸ் குடுத்தாங்க, அதுல இடது பக்கம். ஒரு மாசம் கதவுக் கைப்பிடியவே புடிச்சு இழுத்துக்கிட்டிருந்தேன். பிள்ளைங்க எல்லாம் சிரிக்கும்.” குரலைத் தாழ்த்தி, “உன்கிட்ட சொல்லல, வெக்கமா இருந்தது” என்றார்.

கால் வீக்கம் வடிந்தபின் மைதானத்துக்கு அவரும் வந்தார். நடந்ததைக் கேட்ட பயிற்சிக்காரி திட்டவில்லை. “தப்பு என்னோடது. இதுக்கு முன்னால என்ன வண்டி ஓட்டினீங்கன்னு நான் கேட்டிருக்கணும்” என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணா, உங்களுக்கு ஒரு வேலை. அந்தக் கடைசில, ஓரமா நில்லுங்க. அக்கா வரும்போது எப்ப தோணுதோ அப்ப கையைத் தூக்குங்க. அக்கா, அவர் கை எப்ப மேல போகும்னு உங்களுக்குத் தெரியாது. போனதும் நிக்கணும்.”

“அவ மேல ஏத்திட்டா?”

“அதான் ஓரமா நிக்கச் சொன்னேன்.”

கேக் கடைக்காரர் கைதட்டினார். “தைரியமான புருஷன்யா!”

முதல் ஓட்டத்தில் கை உயர்ந்ததும் இடது கால்தான் மறுபடி முந்தியது. வண்டி உதறியது, கணவர் துள்ளி விலகினார். இரண்டாவதிலும் அதேதான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மைதானத்தைச் சுற்றி நொண்டி நொண்டி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. திரும்பிவந்து, “இன்னொரு தடவ” என்றாள்.

“இடது கால ஃபுட்ரெஸ்ட்ல வச்சுட்டு மறந்துடுங்க. கை தூக்குனதும் வாய்விட்டு ‘வலது’ன்னு கத்துங்க” என்றாள் பயிற்சிக்காரி.

கத்தினாள். சந்தைக் காவலாளி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். அந்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் தொண்டை கட்டுகிற வரை கத்தினாள். கணவர் சில நேரம் சீக்கிரம் தூக்கினார், சில நேரம் ஏமாற்றிவிட்டு மூக்கைச் சொறிந்தார். மெல்ல மெல்லக் கத்தலுக்கு முன்பே வலது கால் அழுத்தத் தொடங்கியது.

கடைசி வகுப்பு ரோட்டில். பயிற்சிக்காரி பின்னால் வர, அவள் முன்னால் போனாள். ஒரு சந்திலிருந்து சைக்கிளில் வந்த பெரியவர் எதிரே புகுந்தார். வண்டி நேராக, உதறாமல் நின்றது. பெரியவர் ஒன்றுமே நடக்காததுபோல் போய்விட்டார். எந்தக் கால் மிதித்தது என்று அவள் குனிந்து பார்த்தாள். வலது.

“அக்கா, கீழ பாக்காதீங்க!” என்ற குரல் பின்னாலிருந்து வந்தது.

தம்பியின் வண்டியை விற்க வேண்டாம், தானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அடுத்த விடுமுறை நாளில், மகள் படிக்கும் ஊருக்கு அதிலேயே போனாள். விடுதி வாசலில் மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

“அம்மா! நீயா ஓட்டிட்டு வந்த? அப்பா எங்க?”

“பஸ்ல வர்றாரு. பின்னால உக்கார மாட்டாராம்.”

“நான் உக்கார்றேன். ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ.”

“ஹெல்மெட் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப வாங்கிட்டு அப்புறம் பாக்கலாம்.”

மகள் முறைத்துவிட்டு விடுதித் தோழியிடம் ஹெல்மெட் இரவல் கேட்க உள்ளே ஓடினாள். கணவர் வரும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. வாசலில் கல் பெஞ்சு ஒன்று காலியாகக் கிடந்தது. எக்ஸ்ரே அக்கா அதில் உட்காரவில்லை. சூடு ஆறாத என்ஜினைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு, ரோட்டையும் விடுதிக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.