ஜஸ்ரின் குறைத்து எடுத்த புள்ளிகள்

என் தங்கை நிரோஷினியின் கணவன் ஜஸ்ரின் ஒரு காலத்தில், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டக்காரன். டோர்செட் பார்க் அடுக்குமாடியில் வளர்ந்தவன், எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போய் ஒரு குழுவில் மூன்று வருடம் சம்பளத்துக்கு ஆடினான். எங்கள் ஆட்களில் அப்படி ஒருவனை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. அதற்காக அவனைப் பெரிய நட்சத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். பந்தை உதைத்ததும் தலைதெறிக்க ஓடி, எதிரே வருகிறவனை இடித்து விழுத்துவதுதான் அவன் வேலை. மூன்று வருடத்தில் பந்தைக் கையால் தொட்டது இரண்டே தரம்.

அந்த ஆட்டத்தில் ஒரு நடைமுறை உண்டு. பருவம் தொடங்குமுன் கணினியில் ஞாபகசக்திச் சோதனை வைப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் அதே சோதனையைத் திரும்ப வைத்து, புள்ளி குறைந்திருந்தால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தவனின் இடத்துக்கு அடுத்த கிழமையே வேறொருவன் வந்துவிடுவான். இதற்குப் பயந்து ஜஸ்ரின் முதல் சோதனையிலேயே தெரிந்த விடைகளை வேண்டுமென்றே பிழையாகப் போட்டான். அதற்குப் பிறகு எத்தனை அடி வாங்கியும் புள்ளி இறங்கவில்லை. அவர்களின் கலியாணத்துக்கு முந்திய ஒரு பார்ட்டியில் இதைச் சொல்லிச் சிரித்தான். நானும் விழுந்து விழுந்து சிரித்து, கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முழங்கால் போய் ஆட்டம் முடிந்து பத்து வருடம். இப்போது வயது முப்பத்தெட்டு. மில்லிக்கனில் வீடு, ஒரு வேர்ஹவுசில் சூப்பர்வைசர் வேலை. இரண்டு வருடமாக ஆள் மாறிவிட்டான். பள்ளியிலிருந்து மகளைக் கூட்டிவர மறந்தான். ஏன் என்று கேட்டால் கத்தினான். ஒருநாள் அலுமாரிக் கதவைக் குத்தி உடைத்தான். பிள்ளை கட்டிலுக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. அன்றைக்கே நிரோஷினி மகளோடு அஜின்கோர்ட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இது தலையில பட்ட அடியால வந்த வருத்தமெண்டால் நான் இருந்து பாப்பன், அண்ணா. அவற்ற குணமே இதெண்டால் என்னால ஏலாது" என்றாள்.

நரம்பு வைத்தியரிடம் மூவருமாகப் போனோம். ஜஸ்ரின் தலைமயிர் வெட்டி, நல்ல சேர்ட் போட்டு வந்திருந்தான். நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால் மனைவியும் பிள்ளையும் வீடு திரும்புவார்கள் அல்லவா? ஒரு மனுசன் நோய்க்கு இவ்வளவு ஆசைப்பட்டதை நான் கண்டதில்லை.

வைத்தியர் புதிய சோதனையையும், குழுவிடமிருந்து வரவழைத்த பழைய சோதனையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இருபத்தைந்து வயதில் இருந்தபடியேதான் இருக்கிறார், ஸ்கானிலும் பிழையில்லை என்றார். ஜஸ்ரினுக்கு முகம் செத்துப்போனது. தான் அன்று செய்ததை அங்கேயே சொன்னான். அப்படியும் இருக்கலாம், ஆனால் அதை வைத்து நோய் என்று எழுத முடியாது என்றார் வைத்தியர். இன்றைய புள்ளியிலிருந்து தொடங்கி வருடாவருடம் சோதிப்போம், இறங்கினால் தெரியவரும் என்றார்.

கார் தரிப்பிடத்தில் நிரோஷினி, தன்னையும் மகளையும் வீட்டுக்குத் திருப்பி எடுப்பதற்கு அவன் சொல்லும் இன்னொரு பொய்யாக இது இருக்கலாம் என்றாள். இல்லை, கலியாணத்துக்கு முதலே என்னிடம் சொன்னவன் என்று நான் குறுக்கிட்டேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"தெரிஞ்சுகொண்டோ என்னைக் கட்டிக் குடுத்தனீங்கள்?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்கள் அண்டைக்குப் பொய் சொன்னது உண்மையெண்டு விளங்குது. வருத்தம் உண்மையோ எண்டுதான் விளங்கேல்லை" என்றாள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜஸ்ரின் அடுத்த வருடச் சோதனைக்கான திகதி போட்ட துண்டைக் கையில் வைத்திருந்தான்.

"மச்சான், வாற வருசம் புள்ளி குறைஞ்சால் அவ வருவா, என்ன?"

"ஓம்" என்றேன். அவன் முகத்தில் சந்தோசம் தெரிந்தது.