வருத்தத்துக்கு மல்லித்தண்ணி

மொன்றியாலுக்கு வந்த புதிதில் நான் காலையில் எதுவும் சாப்பிட மாட்டேன். விரதமெல்லாம் இல்லை, சுத்த சோம்பேறித்தனம். மெட்ரோ வாசலில் ஒரு காபி வாங்கிக்கொண்டால் மதியம் வரை வண்டி ஓடும். வயிறு எரியும், உதடு வெடிக்கும், சீப்பைப் பார்த்தால் பாதித் தலைமுடி அதில் இருக்கும். எல்லாப் பழியையும் தூக்கிக் குளிரின் மேல் போட்டுவிடுவேன். குளிர் எதிர்த்துப் பேசாது, வசதி.

நகரின் வில்லரே பகுதியில் நான் இருந்த வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நான், இன்னொன்றில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ்க் கடைக் கண்ணாடியில் அவர் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அங்கே குடிபோனேன். என்னைவிடச் சில வயது மூத்தவர், தனிக்கட்டை. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்கு ஒரு கிடங்கில் பிற்பகல் வேலை. நான் வீடு திரும்பும்போது அவர் இருக்க மாட்டார், அவர் திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன். முகத்தைப் பார்த்துக்கொள்வதென்றால் காலையில் சமையலறையில்தான். அதுவும் நான் ஷூ மாட்டிக்கொண்டே.

அவருக்குக் காலைச் சாப்பாடு என்பது பெரிய விஷயம். சிவப்பரிசி மாவில் புட்டு அவிப்பார். இடியப்பம் பிழிந்தால் தொட்டுக்கொள்ளச் சொதி வைப்பார். தேங்காய் எண்ணெய்ப் போத்தல் எப்போதும் ரேடியேட்டர் மேலே உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் கல்லாக உறைந்துவிடும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து உதடு, முழங்கை, குதிகால் என்று பூசிக்கொண்டுதான் அந்த மனிதர் பனியில் இறங்குவார். நான் மருந்துக்கடையில் விலை கொடுத்து வாங்கிய களிம்புகள் எதுவும் என் உதட்டைக் காப்பாற்றவில்லை, அவர் உதடு மட்டும் பளபளவென்று இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"தம்பி, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போம்" என்று தினமும் சொல்வார்.

"நேரமில்லண்ணே" என்று தினமும் சொல்வேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாலை, திருச்சியிலிருந்து என் தம்பி போன் செய்தான். அங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றான்.

என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அம்மாவே போனை வாங்கி, "நீ வர வேணாம்பா, வேலையப் பாரு" என்றாள். மூத்தவன் நான், கொள்ளி வைத்தது இளையவன். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நெஞ்சில் குத்தியது, இன்றும் குத்துகிறது.

மேலாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். சிரமமே இல்லை, அதற்கென்று தயாராக வைத்திருக்கும் சொற்களைப் போட்டு நாலு வரியில் முடித்துவிட்டேன். தமிழில்தான் வாய் வரவில்லை. 'அப்பா செத்துட்டார்' என்று தமிழில் ஒரு தடவை சொன்னால் அது உறுதியாகிவிடும் என்று ஒரு பயம். எனக்குச் சொல்லப்பட்டதுதானே தவிர, நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதவரை ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிற மாதிரி இருந்தது. படித்தவன் யோசிக்கிற யோசனையா இது என்று கேட்டால், இல்லைதான்.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கவில்லை. அண்ணன் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, வேலைக்குப் போகேல்லையோ?"

"இல்லண்ணே. வருத்தமா இருக்கு."

"கன வருத்தமோ?"

"ரொம்ப."

அவர் உள்ளே வந்து என் நெற்றியில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தார். நேற்று நான் போனில் பேசியது மாடி வீட்டுக்காரர்கள் மூலமாக அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சத்தம் போட்டுத்தான் அழுதிருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. "படுத்திரும், எழும்ப வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என்ன பக்குவமான மனிதர் என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் கொத்தமல்லியும் சுக்கும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் வந்தது. அவர் அதை மல்லித்தண்ணி என்றார். பிறகு உள்ளிக் கஞ்சி வந்தது, உள்ளி என்றால் அவர்கள் ஊரில் பூண்டு. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். மொன்றியாலில் எனக்கு அக்கம்பக்கம் என்று இருந்தது இந்த ஒருவர்தான், அவர் அதைக் குறைவில்லாமல் செய்கிறார் என்று நெகிழ்ந்துபோனேன். கஞ்சி நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பூண்டு நாற்றம் போர்வையில்கூட இருந்தது. இருந்தாலும் முழுக்கக் குடித்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்கென்று ஏதாவது அடுப்பில் இருக்கும். உளுத்தங்கஞ்சி, குழைத்த சோறு, மிளகு தூக்கலாக ஒரு ரசம். மீன் இல்லாமல் சாப்பிடாதவர் எனக்கு மீனைக் கண்ணில் காட்டவில்லை. "இப்ப மீன் கூடாது" என்றார். துக்கம் காக்கிறவனுக்குக் கூடாதுதான், சரியாகச் சொல்கிறாரே என்று நினைத்தேன். "தலைக்கு எண்ணெய் வையாதேயும்" என்றார். அதுவும் சரி. நான் சவரம் செய்யாமல் இருந்ததைப் பார்த்து, "அது கிடக்கட்டும், பேந்து வழிக்கலாம்" என்றார், பேந்து என்றால் பிறகு. அதைவிடச் சரி. எங்கள் வீட்டுப் பெரியவர்கள்கூட இத்தனை ஒழுங்காகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. ஒரு காலை பெரிய சட்டியில் மஞ்சள் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து வைத்து, என் தலையைக் குனியச் சொல்லி, மேலே போர்வையை மூடினார். "நல்லா இழும், உள்ளுக்குப் போகட்டும்" என்றார். சாவு வீட்டுக்காரனுக்கு ஆவி பிடிப்பது எந்த ஊர்ச் சடங்கு என்று புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கும்போல, கேட்டால் மரியாதையாக இருக்காது என்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். போர்வைக்குள் அழுவதற்கு நல்ல வசதியாக இருந்ததையும் சொல்ல வேண்டும். வெளியே வந்தபோது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் போகத் தொடங்கினேன். அங்கே எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு அனுதாப அட்டை மேசைமேல் இருந்தது. அதையும் ஆங்கிலத்திலேயே வாசித்து ஆங்கிலத்திலேயே நன்றி சொன்னேன். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. வயிற்று எரிச்சல் நின்றது. ஆனால் முகம் தெளியவில்லை, பேச்சும் குறைந்துபோயிருந்தது. அண்ணன் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் புட்டுக்கு மாவைக் கொத்திக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உம்மட வருத்தம் மாறமாட்டன் எண்டு நிக்குது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செய்து பாத்திட்டன். ஒருக்கா அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேளும், உங்கட பக்கத்துக் கைமருந்து என்னெண்டு. அவர் சொல்லுவார்."

துருவலை நிறுத்திவிட்டேன். அவருக்குத் தெரியாது. இத்தனை நாளும் தெரியாது. இனி நான் சொல்லியாக வேண்டும், அதுவும் தமிழில். வேறு வழியில்லை. துருவும் சத்தம் நின்றதும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, அப்பா செத்துப் போயிட்டார்."

"எப்ப?"

"வருத்தமா இருக்குன்னு அன்னைக்குச் சொன்னேனே, அதுக்கு முந்தின நாள்."

அவர் அடுப்பை அணைத்தார். கோபம் வந்தால் அவருக்குக் காது சிவக்கும். "என்ன ஐசே நீர்! வருத்தம் எண்டா காய்ச்சல், தடிமன், வயித்துக்குத்து. இதுக்குக் கவலை எண்டெல்லோ சொல்லுறது! செத்தவீட்டுக்காரனுக்கு ஆவி பிடிச்சு விட்டிருக்கிறன் நான், விசரன் மாதிரி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு வந்த முதல் சிரிப்பு அது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது, தேங்காய் மூடியைக் கையில் பிடித்தபடியே அழுதேன். சொல்லியாகிவிட்டது. அப்பா இனி இல்லை.

அண்ணன் நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்து, எதிரே தானும் உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உம்மட அப்பா ஒருக்கா இஞ்ச போன் எடுத்தவர். நீர் வேலைக்குப் போயிட்டீர். உம்மட்டச் சொல்ல வேண்டாம், வீண்செலவெண்டு ஏசுவீர் எண்டவர்."

அப்பா தானாக ஒருநாளும் எனக்குப் போன் செய்ததில்லை. கூப்பிடுவது எப்போதும் நான்தான், ஞாயிற்றுக்கிழமைகளில். இது எனக்குத் தெரியவே தெரியாது.

"எதுக்குக் கூப்பிட்டாராம்?"

"ஒண்டே ஒண்டுதான் கேட்டவர். 'பிள்ளை காலமையில சாப்பிடுறவனோ?' எண்டு. நான் ஓம் எண்டிட்டன். நாந்தான் சமைச்சுக் குடுக்கிறனான், நல்லாச் சாப்பிடுறவர் எண்டு சொன்னனான். பச்சைப் பொய். 'அப்பச் சரி, எனக்கு இனி யோசனையில்லை' எண்டிட்டு வைச்சிட்டார்."

"வேற என்ன சொன்னார்?"

"வேறொண்டும் இல்லைத் தம்பி."

"மறுபடியும் சொல்லுங்கண்ணே."

அவர் மறுபடியும் சொன்னார், முதலிலிருந்து, ஒரு சொல்லும் விடாமல். அப்புறமும் கேட்டேன். அப்போதும் சொன்னார்.

அப்பா திருச்சியை விட்டு எங்கேயும் வாழ்ந்தவரில்லை. "பய காலைல சாப்புடுறானா தம்பி?" என்றுதான் கேட்டிருப்பார், அவர் பேச்சு எனக்குத் தெரியாதா. ஆனால் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது அண்ணன் வாயால்தான். அதனால் என்னைப் பற்றி அப்பா கவலைப்பட்டதை நினைக்கும்போதெல்லாம், இத்தனை வருடம் கழித்தும், என் அப்பா யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்.