பேனலுக்கு வைத்த பொட்டு

விண்வெளியில் அணு உலை ஓடினால் மிச்சமாகும் சூட்டை எங்கே கொட்டுவது? பூமியில் காற்றும் கடலும் அதை வாங்கிக்கொள்ளும். அங்கே இரண்டும் கிடையாது. அகலமான பேனலில் சூட்டைப் பரப்பி, அது கதிராக வெளியேறும்படி விடுவதுதான் வழி. சிங்கப்பூரில் பூன் லே பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அப்படியொரு பேனலை இரண்டு வருடம் உருவாக்கிக்கொண்டிருந்தேன். வெற்றிட அறையில் சோதிக்க ஒரே ஒரு வாரம் கிடைத்தது. அதற்குள் தேறாவிட்டால் என் வடிவமைப்பைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

சோதனைக்கு முதல்நாள் ஆயுத பூஜை. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தேக்கா சந்தையில் சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்து பம்பு, கணினி, அறைக் கதவு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். பேனல் பக்கம் திரும்பியதும் நான் சீறினேன்.

“அதைத் தொடாதீங்கண்ணே! வேக்குவம்ல சந்தனம் ஆவியாகி எல்லாத்தையும் கெடுத்துடும்.”

“தெரியும் லா” என்று முகம் வாடிப் போனார்.

அவர் சாப்பிடப் போனதும் எனக்கு மனசு கேட்கவில்லை. என் பேனல் மட்டும் மூளியாக நிற்பதா? பின்பக்க மூலையில் விரல்நுனி அளவு சந்தனம் வைத்து, குங்குமமும் இட்டுக் கும்பிட்டேன். உள்ளே ஏற்றும்முன் துடைத்துவிடலாம் என்று நினைத்தவள், அடுத்த வேலையில் சுத்தமாக மறந்துபோனேன்.

மறுநாள் அறையிலிருந்து காற்றை உறிஞ்சினோம். ஓரளவுக்கு மேல் அழுத்தம் இறங்கவே இல்லை. மேலாளர் வந்தார். கதவிலிருந்த பொட்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்து, “உள்ளேயும் வைத்தீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் இல்லை என்றார். மேலாளர் நம்பியதாகத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னால் என் வாரம் போய்விடுமே என்று ஒரு கணம் வாயை மூடிக்கொண்டதும் உண்மை.

“நான்தான் வைத்தேன்” என்றேன்.

மேலாளர் என்னை முறைத்தார். சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆகும், மிஞ்சும் நாட்களில் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளும் அண்ணன் என்னோடு சேர்ந்து துடைத்தார். வாரத்தின் கடைசி நாள், பேனல் தள்ள வேண்டிய சூட்டையெல்லாம் தள்ளிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. அவரிடம் போய், “மன்னிச்சிடுங்கண்ணே” என்றேன்.

“பொட்டு வச்சது தப்பில்லம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மூடுறதுக்கு முன்னாடி நானே துடைச்சிருப்பேன்ல?”