கீரைக்கு வாங்கிய வெளிச்சம்

செங்காங் அடுக்குமாடி வீட்டின் ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில், ஐஸ்கிரீம் டப்பாக்களில் சத்துநீர் ஊற்றி, மண்ணில்லாமல் தண்டுக்கீரை வளர்த்தேன். வெயிலுக்குப் பதில் ஜாலான் புசார் கடையொன்றில் வாங்கிய மலிவான எல்இடி விளக்கு. கீரையோ வெளுத்து, நூலாக நீண்டு சாய்ந்தது. விளக்குதான் மட்டம் என்று அதைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரோடு வந்தேன்.

அப்போது என் மனைவி அறையைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் அவள் கை சுவிட்சை அணைத்தது.

“தினமும் இப்படித்தான் அணைக்கிறியா?”

“ஆளில்லாத ரூம்ல லைட் எதுக்குலா?”

“கீரை இருக்கே!”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதன்பின் கீரை தழைத்தது.

முதன்முதலாகப் பறித்த மாலை, ஹால் இருட்டாக இருந்தது. அவள் ஸ்டோர் ரூமில், செடிகளின் வெளிச்சத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“இங்கதான் எரியுதே, அங்க வேற எதுக்கு?”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீரைக்கு வாங்கிய வெளிச்சம் எங்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.