நானும் ஒரு 'மக்'

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவம் அண்ணையோடு ஸ்கொட்லாந்துத் தீவொன்றின் விரிகுடாவில் இறங்கினேன். அங்கு வாழ்ந்த குலத்தின் வரலாற்றை ஆண்டுவாரியாகக் குறித்து வைத்திருந்த நான், கல்லறைகளைக் கண்டதும் ஓடினேன். எல்லாக் குடும்பப் பெயர்களும் 'மக்' என்றே தொடங்கின.

"மக் எண்டால் என்னடா?"

"இன்னாற்ரை மகன் எண்டு அர்த்தம், அண்ணை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நீயும் மக் தானே! பிரெஞ்சுக் கடதாசியளிலை கொப்பற்ரை பேரைத்தானே உன்ர குடும்பப் பேராப் போட்டிருக்கிறாங்கள்!"

திகைத்துப்போனேன். பிரெஞ்சு அலுவலகங்களில் அப்பாவின் பெயரால் என்னை அழைத்தாலே எரிச்சல் வரும். அந்தக் குடும்பப் பெயரை மாற்றக் கோரும் மனு பைக்குள் இருந்தது.

குறிப்பேடு நிரம்பிவிட்டதால், கல்லறைப் பெயர்களை அந்த மனுவின் பின்பக்கத்தில் எழுதினேன். கடைசி வரியில் 'மக்' போட்டு அப்பாவின் பெயரையும் சேர்த்தேன். அந்த மனுவை இனி யாரிடம் கொடுப்பது?