வலிக்காத கட்டியை ஆண்டவர் காட்டிய விதம்

யுத்த காலத்தில் என் வலது தொடையில் ஒரு கட்டி வந்தது. தேசிக்காய் அளவு, ஒரு எலுமிச்சம்பழம் போல. வலியே இல்லை. அதனால் நான் பயப்படவும் இல்லை.

எங்கள் ஊர் பாலையூற்றில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டேன். துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை சுமந்தே இரண்டு லொறி வாங்கினேன். முதலாளியான பிறகும் முதல் மூட்டையை நான்தான் தூக்குவேன். மூட்டையைத் தொடையில் ஏற்றி, அங்கிருந்து தோளுக்கு எறிவது எங்கள் முறை. அந்த இடத்தில் தடித்துக் கட்டி விழுந்தால் அது எங்களுக்குப் பெருமை. "முதலாளிக்குப் பதக்கம் கிடைச்சிட்டுது!" என்று ஆட்கள் சிரித்தார்கள். நானும் காட்டித் திரிந்தேன்.

மனைவிதான் பயந்தாள். "இஞ்சருங்கோ, அது வளருது. ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

"நோகாத கட்டிக்கு என்ன மருந்து? விசர்க் கதை கதையாத."

அவள் என்னோடு வாதாடவில்லை. முழங்காலில் நின்றாள். "ஆண்டவரே, இவர் என்ர சொல் கேக்கமாட்டார். ஆர் சொன்னா கேப்பாரோ, அவரை அனுப்பும்" என்று ஜெபித்தாள். எனக்குக் கேட்கும்படிதான் ஜெபித்தாள்.

துறைமுகப் பாதைச் சோதனைச் சாவடியில் ஒவ்வொரு நாளும் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு சிப்பாயின் கை என் தொடையில் நின்றது. எதையோ ஒளித்துக் கொண்டுபோகிறேன் என்று நினைத்துத் துவக்கை நீட்டினான். சாரத்தைத் தூக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு விட்டான். சாவடியில் ஆட்கள் மாறி மாறி வருவார்கள். சில மாதம் கழித்து அதே சிப்பாய், அதே இடம். இம்முறை அவன் துவக்கை எடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னான்.

"ஐயா, முந்தி சின்னது. இப்ப பெரிசு. டொக்டர் போ. நாளைக்கு இல்ல, இப்ப போ."

துவக்கு வைத்திருப்பவன் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்! போனேன்.

டொக்டர் அழுத்திப் பார்த்தார். "நோகேல்ல எண்டு விட்டுட்டியளோ? வளருது, ஆழத்தில இருக்கு, அசையுதும் இல்லை. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை ஐயா. ஆனா இப்பிடியானதைச் சதை எடுத்துச் சோதிக்காமல் விட ஏலாது."

சோதித்தார்கள். புற்றுநோய்தான். பரவவில்லை. கொழும்பில் அறுத்து எடுத்தார்கள், கதிர் சிகிச்சையும் கொடுத்தார்கள். இன்னும் காலம் கடந்திருந்தால் கால் போயிருக்கும், உயிரும் போயிருக்கும் என்றார்கள். இன்று என் சொந்தக் காலில் கோயிலுக்கு நடந்து வருகிறேன்.

சகோதரரே, சாவடிக்காரனின் கையால் ஆண்டவர் என்னைத் தொட்டார். அவருக்கே நன்றி. உங்கள் உடம்பிலும் கட்டி ஒன்று வளர்ந்தால், வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், எழும்பி டொக்டரிடம் போங்கள். வீட்டில் மனைவி சொன்னால் அன்றைக்கே போங்கள்.